பதினோரு நாள்காரி

மரகதவல்லிக்கு அழுகை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, இரண்டாம் ஆண்டு உளவியல் வகுப்பில், கரும்பலகையில் 'உணர்ச்சி' என்று எழுதி அதற்குக் கீழே கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது. கோடு முடிவதற்குள் கன்னம் நனைந்து, முகவாயில் வழிந்து, சாக்பீஸ் தூளில் சொட்டியது. அவள் திரும்பியபோது முப்பத்தெட்டுப் பெண்களும் அதைப் பார்த்தார்கள், பார்த்தும் நூலாண்டிபாளையத்துப் பெண்கள் என்பதால் ஒருத்திகூட என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, எல்லோரும் எழுந்து நின்றார்கள், முதல் பெஞ்சில் இருந்தவள் மட்டும் ஊர் வழக்கப்படி கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை நோட்டின் ஓரத்தில் குறித்து, அந்தத் துண்டைக் கிழித்து டீச்சரின் கையில் கொடுத்தாள். அந்த ஊரில் அழுகை முன்னால் வரும், அழ வேண்டிய காரியம் பின்னால் வரும். எவ்வளவு பின்னால் என்பது ஆளுக்கு ஆள் வேறு. மரகதவல்லிக்குப் பதினோரு நாள்.

அது தொடங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. ஓர் ஆடி மாதத்தில், தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிற முத்துசாமி எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு மணி நேரம் தரையில் உருண்டு சிரிக்க, பேய் பிடித்துவிட்டது என்று கூட இருந்தவர்கள் முகத்தில் தண்ணீர் அடிக்க, மறுநாள் விடிந்ததும் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கோபித்துக்கொண்டு போன அவன் தம்பி பஸ்ஸிலிருந்து ஒரு துணிப்பையோடு இறங்கினான். அப்போது முத்துசாமி சிரிக்கவில்லை, சிரிப்புத்தான் முந்தின நாளே தீர்ந்துவிட்டதே, 'வாடா, சோறு உண்டாச்சா' என்று மட்டும் கேட்டான். பிறகு மூன்றாம் வீதித் தறிக்கூடத்தில் மேஸ்திரி ஒருவர் திடீரென்று கைகால் நடுங்கி வெளியே ஓட, அவரைக் கேலி செய்துகொண்டே கூட வேலை செய்த பதினான்கு பேரும் பின்னால் வர, கூடத்தின் மேற்குச் சுவர் அப்படியே உட்கார்ந்தது. ஏன் இப்படி என்று ஒரு மாதம் கேட்டார்கள். சாயப்பட்டறைத் தண்ணீர் என்றார்கள், செல்போன் கோபுரம் என்றார்கள், மாகாளியம்மனுக்கு மூன்று வருஷமாகக் கம்பம் நட்டுத் திருவிழா எடுக்காததால் என்றார்கள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்கள், ஏனென்றால் தறி ஓட வேண்டியிருந்தது.

தறி ஓடுகிற ஊர் எதையும் தன் ஓட்டத்துக்குள் இழுத்துக்கொள்ளும். கோபம் முன்னால் வந்துவிட்டவர்கள் டீக்கடை வாசலில் நரம்பு புடைக்க நின்று காரணத்துக்காகக் காத்திருந்தார்கள்.

"என்றா மாப்ள, மூஞ்சி செவந்து கெடக்குது?"

"கோவம் வந்து முக்கா மணி நேரமாச்சுங் மாமா. இன்னும் ஒருத்தனும் வந்து ஒண்ணுஞ் சொல்லக் காணோம். நீங்களாச்சும் ஏதாச்சும் கேவலமாச் சொல்லீருங்க, எனக்குப் பாவு பிணைக்கப் போவோணும்."

பெண் பார்க்க வருகிறவர்கள் நட்சத்திரம் கேட்பதற்கு முன்னால் 'பையன் எத்தனை நாள்' என்று கேட்டார்கள். அரைமணிக்காரனுக்கு ஐந்து நாள்காரியைக் கட்டினால் ஒருத்தி நாலு நாளாக அழுதுகொண்டிருக்கும்போது இன்னொருவன் சிரித்துக்கொண்டிருப்பான், குடும்பம் நடக்காது என்று தரகர்கள் தலையை ஆட்டினார்கள். முன்னழுகை வந்த வீட்டுக்குத் தெருவே சோறு ஆக்கி அனுப்பியது, அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது சைக்கிள்காரன்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு போனான். 'யாருக்கு' என்று கேட்கக் கூடாது. 'எத்தனாவது நாள்' என்று கேட்கலாம். காரியம் நடக்கிறவரைக்கும் கண்ணீர் ஓயாது, நடந்த நொடியில் நின்றுவிடும், திருகி மூடிய குழாயைப் போல. அதனால் அந்த ஊர்ச் சாவு வீடுகளில் எல்லோரும் காய்ந்த கண்ணோடு நின்றார்கள், வெளியூரிலிருந்து வந்த சொந்தக்கார ஒறம்பரைகள், 'கல்நெஞ்சுக்காரச் சனம்' என்று பஸ் ஏறும்போது பேசிக்கொண்டார்கள்.

ஆரம்பத்தில் ஓடிப் பார்த்தவர்களும் உண்டு. முன்னழுகை தொடங்கியதும் வயதானவர்களைக் கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள், பிள்ளைகளை மலைமேல் சொந்தக்காரர் வீட்டில் ஒளித்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஆஸ்பத்திரியிலும் மலையில் இருந்தவர் மலையிலும் போனார்கள், யாரும் நேரம் தவறவில்லை. ஊரைவிட்டுப் போனாலும் ஊரில் பிறந்தவர்களின் நாள் அவர்களோடே போயிற்று.

அந்த நாட்களை அளந்தவளே மரகதவல்லிதான். பாடப்புத்தகம் மனிதர்களை ஐந்து குணங்களாகப் பிரித்து, கேள்வித்தாள் கொடுத்து, மதிப்பெண் போட்டு, இவர் இன்ன வகை என்று சொல்லச் சொன்னது. நூலாண்டிபாளையத்துக்கு அவ்வளவு தேவைப்படவில்லை, ஒரே ஒரு கேள்வி போதுமாயிருந்தது. எல்லாவற்றையும் வாய்விட்டுக் கொட்டுகிறவர்களுக்கு நிமிஷக் கணக்கு, பாதியைச் சொல்லிப் பாதியை வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு நாள் இரண்டு நாள், எல்லாவற்றையும் விழுங்கி உள்ளே வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல். இப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை நான்கு வருஷத்தில் கேட்டுக் குறித்து ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதிக் கொடுத்திருந்தாள், அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது ஊரில் பழக்கமாகியிருந்தது. பக்கத்து வீட்டில் தறிக்குத் தார் நூல் சுற்றுகிற ராசாமணி கால்மணிக்காரி. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற, மரகதவல்லியின் மகள் தாரணிக்கு ஒரு நாள். புருஷன் குமரவேலுக்கு இரண்டு நாள், மணி பிசகாமல். அவன் அம்மா இறந்தபோது இரண்டு நாள் முன்னால், அதே நேரத்தில், தறிக்கு அடியில் ஸ்பேனரோடு படுத்திருந்தவன் அப்படியே விசும்பியதை ஏழு பேர் பார்த்தார்கள். அந்தச் சாவுக்கு மரகதவல்லி பதினோரு நாள் முன்னால் அழத் தொடங்கியிருந்தாள். ஊரிலேயே நீளமான நாள் அவளுடையது. அவள் விழுங்கியது என்ன என்று யாருக்கும் தெரியாது, அட்டையில் எண் மட்டும் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தாள், வருகிற சனிக்கிழமையல்ல, அதற்கடுத்த சனிக்கிழமை காலை பத்தேகால் என்று விரல் மடக்கினாள், இரண்டு பேரைத்தான் அவளால் நினைக்க முடிந்தது, இரண்டு பேரையும் நினைக்க முடியவில்லை.

நடக்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. பத்தொன்பது வருஷமாகப் பத்து மதிப்பெண் கேள்வியாக அவள் நடத்திவந்த பழைய கோட்பாடு ஒன்று உண்டு. வெறிநாயைப் பார்த்தோம், பயந்தோம், ஓடினோம் என்று ஊர் சொல்லும். இல்லை, நாயைப் பார்த்தோம், கால் ஓடியது, கால் ஓடியதைக் கண்டு மனம் பயந்தது என்று கோட்பாடு சொல்லும். துக்கத்தால் அழுவதில்லை, அழுவதால் துக்கம். அதற்குப் பின்னால் வந்தவர்கள் இல்லை இல்லை இரண்டும் ஒன்றாகவே வரும் என்றார்கள், அவர்களுக்கும் பின்னால் வந்தவர்கள் நெஞ்சு சும்மா துடிக்கும், மனம்தான் சுற்றும்முற்றும் பார்த்து அதற்கு ஒரு பேர் ஒட்டும் என்றார்கள். பெண்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து எழுதி எல்லாவற்றுக்கும் மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் எந்தப் புத்தகமும் போகாத ஓர் அடியை மரகதவல்லி அன்றைக்குப் பட்டறை வீதி முக்கில் எடுத்து வைத்தாள்: உடம்புதான் முதல் என்றால், இந்த ஊரில் உடம்பு பதினோரு நாள் முதல் என்றால், கால் ஓடாவிட்டால் நாயே வராது. கண் அழாவிட்டால் யாரும் சாக வேண்டியதில்லை.

அன்று மாலையே அவள் ராசாமணி வீட்டுக்குப் போய் ஒரு தார்க்குச்சியைக் கேட்டு வாங்கி, ஊடை நூல் சுற்றுகிற அந்தக் குச்சியைக் குறுக்காகப் பல்லில் கடித்துக்கொண்டாள். பென்சிலைப் பல்லில் கடித்தால் முகம் சிரிப்பது போல் இழுபடும், முகம் சிரித்தால் மனம் அதை நம்பும் என்று ஒரு சோதனையைப் பற்றி அவள் வகுப்பில் சொல்வதுண்டு. பென்சில் போதாது என்று பட்டது.

"டீச்சரம்மா, அது நூல் சுத்தறதுங்க. கடிக்கறதுக்கில்லீங்."

"மூஞ்சி சிரிச்சாப்புல இருந்தா மனசு நம்பீரும் ராசாமணி."

"மனசு நம்பீருமுங்க. கண்ணு நம்போணுமுங்களே," என்றாள் ராசாமணி, அவள் முகத்தைப் பார்க்காமல், மெஷினை ஓட்டிக்கொண்டே. "இது எத்தனாவது நாளுங்?"

"மொத நாள்."

அப்படியாக மரகதவல்லி பல்லில் குச்சியும் கன்னத்தில் கண்ணீருமாக ஊருக்குள் நடமாடினாள். ஈரோட்டில் கண் டாக்டரைப் பார்த்தாள், அவர் விளக்கடித்துப் பார்த்து, ஒன்றும் கோளாறில்லை, ஆனால் உப்பு அதிகமாகச் சாப்பிடாதீர்கள் என்றார். தண்ணீர் குடிப்பதை நிறுத்திப் பார்த்தாள், நான்காம் நாள் நாக்கு காய்ந்து மயங்கி விழுந்தாள், கண் மட்டும் காயவில்லை. ஆறாம் நாள் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து தன் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் வழுக்கி விழுந்ததையெல்லாம் நினைத்து உரக்கச் சிரித்தாள், சிரிப்பின் மேலேயே கண்ணீர் ஓடியது, தெருவில் போனவர்கள் தறிச்சத்தத்தை மீறி அந்தச் சிரிப்பைக் கேட்டு நடையை வேகமாக்கினார்கள். கோட்பாடு தப்பாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை, ஆனால் தன் முயற்சி போதவில்லை என்று நினைப்பது சுலபமாக இருந்தது, அதில் இன்னும் செய்வதற்கு ஏதோ மிச்சமிருந்தது.

மிச்ச நேரத்தில் அவள் மற்ற இரண்டு பேரின் கண்களைக் காவல் காத்தாள். கணக்கு எளிது. காரியம் தாரணிக்கு என்றால் குமரவேல் இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை பத்தேகாலுக்கு அழுவான். வியாழன் வரைக்கும் தெரியாது. தெரியாது என்பதற்காகப் பார்க்காமல் இருக்க முடியுமா?

"தாரணி, கண்ணு, கண்ணுல ஏதாச்சும்..." என்றாள் போனில்.

"ஒண்ணுமில்லம்மா. சிரிச்சுட்டுத்தான் இருக்கேன், கேக்குதா? ஹஹ்ஹா. மத்தியானம் ஒருக்கா சிரிச்சுக் காட்டுனேன், இப்ப ஒருக்கா. ஹாஸ்டல்ல எல்லாரும் என்ற மண்டையப் பாக்குறாங்க."

"ரோட்டுல போறப்ப..."

"லாரி வந்தா ஒதுங்கிக்கறேன். கரண்டு ஒயரத் தொட மாட்டேன். சாப்பாட்ட மென்னு முழுங்கறேன். வெச்சரட்டா?"

குமரவேல் ஊரில் எல்லாத் தறிக்கும் ஃபிட்டர். தறி எண்ணெயும் பீடி வாசனையுமான உயரமான ஆள், வீட்டில் பேசினாலும் கூடத்தில் பேசுவது போலக் கத்தித்தான் பேசுவான், அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான், ரகசியத்தைக்கூட உதட்டசைவில் படித்துக்கொள்வார்கள். முப்பது தறி ஓடுகிற கூடத்தில் எது கோளாறு என்று கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு வழி இருந்தது. நடுவில் போய் நின்று கண்ணை மூடிக்கொள்வான். இரையும் தறியைத் தேட மாட்டான், எந்தப் பக்கமிருந்து சத்தம் வரவில்லையோ அந்தப் பக்கம் நடந்து போய்க் கையை வைப்பான், அதுதான். அந்த மனுஷனை மரகதவல்லி எட்டு நாளாகக் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்றாள், சாப்பிடும்போது தட்டுக்குக் குனிந்த தலையைத் தானும் குனிந்து பார்த்தாள்.

"என்ன அம்மிணி, என்ற மூஞ்சில படமா ஓட்றாங்க?" என்றான். அவள் குச்சியைப் பல்லிலிருந்து எடுக்காமலே ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

வியாழக்கிழமை ராசாமணி வீட்டுக் கூடத்தில் ஒரு தறி நின்றுபோயிருந்தது, குமரவேல் அங்கே இருந்தான். கல்லூரிக்கு விடுப்பு எழுதிப் போட்ட மரகதவல்லி கூடத்து வாசலில் சுவர்க்கடிகாரத்துக்கு எதிரில் நின்றாள், அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஒன்றும் தெரியாதவர்கள் போல நின்றார்கள். பத்தேகாலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது குமரவேல் ஸ்பேனரைக் கீழே வைத்தான். பனியனைத் தூக்கி முகத்தைத் துடைத்தான். மரகதவல்லி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தைத் துடைத்துவிட்டு அவன் நிமிர்ந்தான், அந்த முகம் காய்ந்திருந்தது, எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது, முள் பத்தேகாலைத் தாண்டியது, இருபதைத் தாண்டியது, அவன் வாசலுக்கு வந்து வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான்.

"பசிக்குது அம்மிணி. சோத்துல மோர ஊத்திக் குடு. என்னமோ தெரீல, சனிக்கெழம சாயங்காலம் ஊரே தறிய நிறுத்துனாப்புல நெஞ்சுக்குள்ள அத்தன லேசா இருக்குது."

அவன் சொன்னதில் பசிக்குது என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. தாரணி இல்லை. தாரணி இல்லை, தாரணி இல்லை என்று அவள் கூடத்து வாசலிலேயே உட்கார்ந்து குச்சியைத் துப்பிவிட்டுச் சிரித்தாள், பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள், ராசாமணி ஓடிப்போய்க் கேசரி கிளறினாள், வேறு யாரோ தூரத்து ஒறம்பரையாகத்தான் இருக்கும், உங்களுக்கு இளகின மனசு டீச்சரம்மா என்று ஒருத்தி சொன்னாள். குமரவேல் மோர்ச் சோற்றைக் குடித்துவிட்டு அவள் சிரிப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முடி வெட்டிக்கொள்ளப் போனான். மாலையில், ஆறு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயைக் கழற்றினான்.

வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்குச் செல்போன் அடித்தது.

"அம்மா," என்றாள் தாரணி. மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் பின்னால் கம்பெனி மணியும் கேட்டன. "அம்மா, லைன்ல நின்னுட்டிருந்தேன், சும்மாதான் நின்னுட்டிருந்தேன். நிக்க மாட்டேங்குது. யாருக்கும்மா?"

கேட்கக் கூடாத கேள்வி. மரகதவல்லி போனைப் பிடித்தபடியே பக்கத்து வீட்டுக்குப் போனாள், தார் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு பெண்களும் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பார்த்தார்கள்.

"உங்களுக்கும் வேண்டியவிய, பாப்பாவுக்கும் வேண்டியவிய, குமரவேலண்ணனுக்கு மட்டும் வேண்டாதவிய. அப்படி ஆருங் இருக்கறாங்க?" என்றாள் ராசாமணி.

"எங்க அண்ணன்?" என்றாள் மரகதவல்லி.

"உங்க அண்ணனும் குமரவேலண்ணனும் சேந்துதான மாசாமாசம் பழனிக்குப் போறாங்க? அவியளுக்குன்னா இவரு நேத்தே தேம்பியிருக்க மாட்டாரா?"

"கோபியில சித்தி?"

"பாப்பா அவியளப் பாத்தே பத்து வருசமாச்சுங்களே."

ஒவ்வொரு பேராக வந்து ஒவ்வொரு பேராகப் போயிற்று. பேர்கள் தீர்ந்தன. ராசாமணியின் கை மெஷின்மேல் நின்றது, தார்க்குச்சி வெறுமனே சுற்றியது, அவள் ஸ்விட்சை அணைத்தாள், பகலில் ஒருநாளும் அணைக்காத ஸ்விட்ச்.

"டீச்சரம்மா," என்றாள், அந்த ஊரில் யாரும் பேசாத தாழ்ந்த குரலில். "ஒருத்தரு, தன்ற சாவுக்குத் தானே அழுவாங்களா?"

குமரவேல் சமையலறையில் குந்தி உட்கார்ந்து குழாய்க்குப் புது வாஷர் போட்டுக்கொண்டிருந்தான். வாசலில் வந்து நின்றவளின் முகத்தை ஒரு தரம் பார்த்தான், திருகி முடித்தான், குழாயைத் திறந்து மூடிக் காட்டினான். ஒரு சொட்டு விழவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நேத்தே தெரியும் அம்மிணி. எந்தப் பக்கம் சத்தம் வருலியோ அங்கதான கோளாறு. நீ அழுவற, நான் அழுவுல. வேற ஆரு?"

"ஏனுங் சொல்லல?"

"நீ சிரிச்சுட்டிருந்த. ஒம்பது நாள் கழிச்சு மொத தடவ நெசமாச் சிரிச்ச. அதப் போயி ஏன் நிறுத்தறது."

ஒன்பது நாள், என்று நினைத்தாள். ஒன்பது நாள் இந்த ஆளின் கண்ணைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அவன் தோளில் நெற்றியை முட்டினாள், எண்ணெயும் பீடியும், புதிதாக வெட்டிய முடியின் பவுடர் வாசனையும். அவன் ஸ்பேனரைப் பிடித்த கையாலேயே அவள் முதுகைத் தட்டினான்.

டாக்டர் வந்து இதயத் துடிப்பை வரைந்து பார்த்து இருபது வயதுப் பையனுடையது போல இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று குமரவேல் சொல்லிவிட்டான், தறிச்சத்தம் இல்லாத இடத்தில் தனக்குத் தூக்கம் பிடிக்காது என்றான், போனவர்கள் யாரும் நேரம் தவறவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் தெரு மொத்தமும் அந்த வீட்டு வாசலில் நின்றது, அப்போது மரகதவல்லி வெளியே வந்து, முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அட்டை எழுதிக் கொடுத்த குரலில், வகுப்பில் பேசுகிற தமிழில் பேசினாள்.

"கண் அழாமல் இருந்தால் காரியம் நடக்காது என்று பத்து நாள் அழாமல் இருக்கப் பார்த்தேன். நான் தலைகீழாகப் பிடித்துவிட்டேன். காரியம் நடந்தால் கண்ணீர் நிற்கும், இது நம் எல்லாருக்கும் தெரியும், நாலு வருஷமாக ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அப்படியென்றால் கண்ணீர் நிற்காத வரைக்கும் காரியம் நடக்கவில்லை. நிற்கவே விடாவிட்டால்?"

அது சரியா என்று அவளை யாரும் கேட்கவில்லை, தப்பு என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, கூட்டத்தின் பின்னாலிருந்து பாவு முத்துசாமிதான் கடைசியில் வாயைத் திறந்தான்.

"சின்ன வெங்காயமுங்களா, பெரிய வெங்காயமுங்களா?"

"சின்னது. அதுதான் காந்தும்."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பட்டறை வீதியில் தறிகள் நின்றன. சுவர் விழும், மின்விசிறி கழன்று விழும், படி வழுக்கும், வயர் அடிக்கும் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்ல, ஒன்றும் விழ முடியாத இடம் எது என்று தேடி, வீதியின் நட்டநடுவில், மேலே வானம் மட்டும் இருக்கிற இடத்தில், ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் குமரவேலை உட்கார வைத்தார்கள். டவுன் பஸ் சந்தைப்பேட்டை வழியாகச் சுற்றிப் போயிற்று. நாற்காலியைச் சுற்றிச் சாக்கு விரித்து நாற்பது வீட்டுப் பெண்களும் கத்தியும் முறமுமாக உட்கார்ந்தார்கள், மூன்று மூட்டை வெங்காயம் வந்து இறங்கியது, விடியற்காலை பஸ்ஸில் வந்த தாரணி அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். மரகதவல்லி நாற்காலிக்குப் பக்கத்தில், அவனுக்கு முதுகைக் காட்டி, முறத்துக்கு முகத்தைக் குனிந்து உட்கார்ந்தாள், அப்போதுதான் காந்தல் நேராக ஏறும் என்றாள். உரித்தார்கள், நறுக்கினார்கள், தெருவே அழுதது. வெயில் ஏற ஏறக் காந்தல் ஏறியது, ஓரமாக நின்ற ஆண்களும் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள், தெருநாய் ஒன்று தும்மிக்கொண்டே ஓடியது.

"ஏனுங் ராசாமணி," என்று நாற்காலியிலிருந்து குமரவேல் கத்தினான், "இத்தன வெங்காயத்தையும் என்ன பண்ணுவீங்க?"

"நாளைக்கு எல்லா ஊட்டுலயும் வெங்காயச் சாம்பாருங்ண்ணா. ஒரு ஊடு விடாம நீங்க வந்து உண்டுட்டுப் போவோணும்."

"வயிறு தாங்குமா பாக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள், அழுதுகொண்டே. சிரிப்பு அடங்கியதும் தெரு அமைதியாயிற்று, தறி இல்லாத பகலின் அமைதி, அந்த ஊர்க் காதுகளுக்குப் பழக்கமில்லாதது. குமரவேலால் அதைத் தாங்க முடியவில்லை. நாற்காலிக் கைப்பிடியில் விரல்களால் தட்டத் தொடங்கினான், டடக் டடக், டடக் டடக், தறி நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஊடை நூலை இழுத்துப் போய்த் திரும்புகிற தாளம், முப்பது வருஷமாகக் கேட்டுக் கைக்குள் போய்விட்டது. மரகதவல்லி அந்தத் தாளத்துக்கே வெங்காயம் நறுக்கினாள். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு வெட்டு.

"அம்மிணி."

"சொல்லுங்க, கேக்குது."

"கொழா இனி ஒழுவாது. ஆனா ரொம்ப இறுக்கித் திருவாத. வாஷர் தேஞ்சுரும்."

"சரிங்."

டடக் டடக்.

பத்து மணிக்கு, பள்ளிக்கூட மணி அடித்தபோது, ராசாமணியின் தோள்கள் குலுங்கின. அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள், இடுப்புவரை மடிந்து முறத்தின்மேல் சாய்ந்தாள், வெங்காயத்துக்கு யாரும் அப்படி அழுவதில்லை. ராசாமணி கால்மணிக்காரி என்பது நாற்பது பெண்களுக்கும் தெரியும். எல்லோரும் தங்கள் முறத்தையே பார்த்தார்கள். "நெம்பக் காரமான வெங்காயம்," என்றாள் ஒருத்தி. "ஆமாங், நெம்பக் காரம்," என்றாள் இன்னொருத்தி, வரிசையாக ஒவ்வொருத்தியும் ஆமாம் காரம், ஆமாம் காரம் என்று சொல்லிக்கொண்டே போனார்கள், மந்திரம் சொல்வது போல, கத்திகள் வேகமாயின.

டடக் டடக். மரகதவல்லி வெங்காயத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். கண்ணீர் ஓடியது. ஓடுகிறவரைக்கும் இல்லை, என்றாள் உள்ளுக்குள், ஓடுகிறவரைக்கும் இல்லை. டடக் டடக். யாரும் கடிகாரம் கட்டி வரவில்லை, கட்டக் கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள், வெயில் மட்டும் நாற்காலியின் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தது. டடக் டடக். தாரணி அப்பாவின் கால் கட்டைவிரலைப் பிடித்திருந்தாள். டடக் டடக். டடக்.

கத்தி அடுத்த தட்டலுக்காக வெங்காயத்தின்மேல் நின்றது.

சுற்றிலும் நாற்பது முறங்களில் உரிகிற சத்தம் கேட்டது, மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது, காக்கை கத்தியது. மரகதவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாப் பக்கமிருந்தும் சத்தம் வந்தது. ஒரு பக்கமிருந்து வரவில்லை.

இமைக்குள் வெங்காயம் எரிந்தது, கன்னத்தில் வெயிலின் சூடு தெரிந்தது, அந்தச் சூட்டுக்கும் தோலுக்கும் நடுவே பதினோரு நாளாக இருந்த ஈரம் இருக்கிறதா இல்லையா என்று கையை வைத்துப் பார்க்க அவளுக்குத் துணிச்சலில்லை. தாரணி, "அம்மா," என்றாள். மறுபடி, "அம்மா," என்றாள். மரகதவல்லி திரும்பவில்லை. முறத்தைத் தடவினாள், தோல்தான் இருந்தது.

"ராசாமணி," என்றாள் கண்ணைத் திறக்காமல், தறிக்கூடத்தில் பேசுவது போல உரக்க, "இன்னும் ரெண்டு படி கொண்டா. சீக்கிரம். தீந்துபோச்சு."